பாதிக் கரியில் ஓடிய லாரி

போன வாரம் என் மாப்பிள்ளை புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "மாமா, பழைய வண்டி குடிச்சதுல பாதிதான் குடிக்குதுங்க" என்று ஒரே பெருமை. நல்ல சமாச்சாரம்தான். ஆனால் பாருங்கள், பழைய வண்டி இருந்தபோது எப்போதாவது சோளக்காட்டுக்குப் போனவர், இப்போது ஒரு சீப்பு மலைவாழைப்பழத்துக்கும் சாவியை எடுத்துவிடுகிறார். எதிர்வீட்டு வாசலில் இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து கரியை விசிறிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பிடரி சில்லிட்டது. வயதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்றும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறவன் நான்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், கூப்பனுக்குச் சிபாரிசு. அதனால் லாரியின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டி, கிளம்பும் வாயுவை இஞ்சினுக்கு அனுப்பி ஓட்டினோம். சிரிக்காதீர்கள், ஓடியது. பேளுக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கு ஓடிய கரி லாரிக்கு டிரைவரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. இஞ்சின் கைவிடவில்லை.

கரி கொல்லிமலையிலிருந்து வந்தது. மலைக்கு அப்போது ரோடு ஏது? முள்ளுக்குறிச்சியைத் தாண்டி அடிவாரத்தில் லாரியை நிறுத்தி ரப்பர் ஹாரனை அமுக்குவேன். அந்தச் சத்தத்தைக் காடு அப்படியே விழுங்கிவிடும். கொஞ்சம் பொறுத்து மேலேயிருந்து "கூஉய்" என்று ஒரு மனிதக் குரல். பிறகு கரிமூட்டைகள் தலைகளில் ஆடி ஆடி இறங்கும். முன்னால் வருகிறவள் வெள்ளையம்மா, ஊத்துப்பட்டி என்ற சின்ன மலையூர்க்காரி. வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ஏனுங்க லாரிக்காரரே, இந்தப் பீப்பாய்க்கு எத்தன வவுறுங்க? போடப் போடத் தின்னுக்கிட்டே இருக்குது!"

"உன்ர வாய் மாதிரிதான் அம்மிணி. மூடவே மாட்டேங்குது."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஊத்துக்கு மேல நிக்கற காட்டுல மட்டும் கை வெக்க மாட்டோமுங்க. அது போச்சுன்னா எங்களுக்குக் குடிக்கத் தண்ணியில்ல" என்றாள்.

"பயப்படாத. நான் செய்யப்போற வேலையில பாதிக் கரி போதும். உன்ர காட்டுக்கு நான் ஜவாப்தாரி."

சொன்னதைச் செய்தேன். பீப்பாயின் உள்கழுத்தைக் களிமண் பூசிக் குறுக்கினேன். வாயுவைத் தேங்காய் நாரில் வடிகட்டினேன். யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் இந்தத் தலையில் உதித்தது. அதே பாரம், அதே சேலம், பாதிக் கரி! முதலாளி என் முதுகில் தட்டி, "அப்புறமென்ன, இன்னொரு நடை போட்டுட்டு வா" என்றார். கரிச் செலவுக்குப் பயந்து ஷெட்டில் தூங்கிய லாரிகள் எல்லாம் எழுந்து என்னிடம் வந்தன. அத்தனைக்கும் கழுத்தைக் குறுக்கிக் கொடுத்தேன். அடிவாரத்தில் லாரிகள் வரிசை கட்டின. மலையில் மரம் வெட்டப் புதுக் குத்தகைக்காரர்கள் முளைத்தார்கள்.

ஒரு நாள் காலை வழக்கம்போல ஹாரனை அமுக்கினேன். மேலேயிருந்து ஒரு ஹாரன் பதில் கொடுத்தது.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடி பதில், அச்சு அசலாக என் லாரியின் குரலில். பக்கத்து லாரி டிரைவர் சின்னப்பன் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "ரோடே இல்லாத எடத்துல எவன்டா வண்டி ஓட்டறான்?" என்றான். அன்று வெள்ளையம்மா கடைசியாகத்தான் இறங்கினாள்.

"பாதி திங்கற பீப்பாய்தானுங்க செஞ்சீங்க? பாதி தின்னுபோட்டு ஊருப் பீப்பாயெல்லாம் இழுத்துக்கிட்டு வந்துருச்சே, பந்திக்கு! மேல வந்து பாருங்க."

சின்னப்பனிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஏறினேன். நல்ல பகல், ஆனால் மஞ்சு இறங்கியிருந்தது. விறகை அடுக்கி மண் பூசிக் கரியாக்கும் மூட்டங்கள் வழிநெடுகப் புதைமேடுகளைப் போலப் புகைந்தன. பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. ஊற்றுக்கு மேலே போய் நின்றால், வெட்டிய அடிமரங்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாக மஞ்சுக்குள் போய்க்கொண்டே இருந்தன. கீழே ஊற்று மணலைத் தோண்டிவிட்டு, நீர் ஊறக் கையில் சிரட்டையோடு காத்திருந்தார்கள் பெண்கள்.

அப்போது என் லாரியின் ஹாரன் கேட்டது. அடிவாரத்தில் சின்னப்பன் அமுக்குகிறான், தெரியும். ஆனால் சத்தம் கீழேயிருந்து வரவில்லை, என் தலைக்கு மேலேயிருந்து, மரம் போய் மொட்டையாகிவிட்ட பாறையில் மோதி இறங்கியது. நான் அண்ணாந்து பாறையையே பார்த்தேன். பெண்களோ சிரட்டையை வைத்துவிட்டு மூட்டைகளைத் தூக்கினார்கள்.

"கூப்பிடுதுங்க" என்றாள் வெள்ளையம்மா. "காடும் போச்சு, அரிசியாச்சும் வேணுமில்லீங்க?"

அடுத்த கோடையில் ஊற்று நின்றது. ஊத்துப்பட்டிக்காரர்கள் சட்டிபானை, கோழி, ஓர் அம்மிக்கல் சகிதம் அடிவாரத்தில் வந்து நின்றார்கள், சேலம் பக்கம் கூலிவேலை தேடிப் போக. நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வெள்ளையம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தது அந்த ஹாரனைவிட என்னை உலுக்கியது. இறங்கும்போதுதான் பீப்பாய்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஊரையே ஏத்திக்கிட்டு வந்துருக்கீங்க. எத்தன மூட்ட ஆச்சுங்க?"

"ஒரு மூட்டகூட ஆகல, அம்மிணி." உண்மையைத்தான் சொன்னேன்.

"கெட்டிக்காரருதானுங்க நீங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நடந்தாள். அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் வந்தது. பீப்பாய்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மலைமேல் பஸ்ஸே போகிறது இப்போது. ஒருமுறை ஏறி, ஊத்துப்பட்டிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் பையைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியொரு ஊரே இல்லீங்களே, பெரியவரே."