வெளியே தெரியும் தையல்

களிம்பை விரல் நுனியில் துளியாக எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைக்கிறாள் என் வீட்டுக்காரி. தன் மார்பில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட பேனாக் கோட்டை மட்டும் அவள் விரல் சுற்றிக்கொண்டு போகிறது. “கோடு அழிஞ்சா வெட்டு தப்பிடும்” என்கிறாள். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் துணியில் சாக்பீஸ் கோடு போட்டவள். அவள் மேலேயே கோடு விழுந்தது இப்போதுதான்.

கட்டியை அறுத்து எடுத்தாயிற்று. இப்போது அந்த இடத்தில் கதிர்வீச்சு வைக்கிறார்கள். இருபத்தைந்தில் பத்தொன்பது முடிந்தது. தோல் சிவந்து, பிறகு கறுத்து, அக்குள் மடிப்பில் நெருப்பாய்க் காந்துகிறது. தோல் பிரிந்து நீர் கசிந்தால் சில நாள் நிறுத்திவைக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரு பயம்தான். நின்றால் நோய் திரும்பிவிடும் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

வேலை, துணி திருத்தும் கடையில். பேச்செல்லாம் அங்குலக் கணக்கு. கல்யாணமான புதிதிலேயே என் மூக்கு கால் அங்குலம் கூடுதல் என்றவள். கடையில் அவளை ‘அங்குலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முடித்த துணியைக் கொடுக்கும் முன் இரண்டு கட்டைவிரலாலும் தையலை இழுத்துப் பார்ப்பாள். குறை இருந்தால் வந்தவர் கண்ணில் படுமுன் அவளே காட்டிவிடுவாள். “இங்க கொஞ்சம் இழுக்குது, பாத்துக்கோங்க.” முதலாளிக்கு இதில் தீராத எரிச்சல்.

இப்போதெல்லாம் சாயங்காலம் மெஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிடுகிறாள்.

சட்டையின் தையல் புண்ணில் உரசாமல் இருக்க, அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். பஸ்ஸில் ஒரு அம்மா குனிந்து, சட்டை திரும்பியிருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னது. “நான் டெய்லருங்க. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். அந்த அம்மா வேறு சீட் பார்த்துப் போய்விட்டது.

கண்ணுக்கு எட்டாத இடத்தில் நான் களிம்பு வைக்கிறேன் என்றால் விடமாட்டாள். நான் லேத்துப் பட்டறைக்காரன். “உங்களுது கையா, அரமா?” என்பாள்.

நேற்று காலை அக்குள் பக்கம் துணியில் குண்டூசித் தலையளவு ஈரம் கண்டேன். அவளும் கண்டுவிட்டாள். “நர்ஸ்கிட்ட வாயத் தொறக்காதீங்க. இன்னும் ஆறுதான்” என்றாள். எப்போதும் அதட்டுகிறவள், நேற்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, எங்காவது தோல் பிரிந்திருக்கிறதா என்று கேட்டாள்.

“இல்லீங்க” என்றாள் இவள்.

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள். இவள் எழுந்து கதவுவரை போனாள். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“இங்க கொஞ்சம் பிரிஞ்சிருக்கு, பாத்துக்கோங்க” என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.