உயிரோடு இருப்பவனுக்கு மெழுகுவத்தி

காலையில் எழுந்ததும் எர்மெலிண்டாவுக்கு முதல் வேலை, தன் வீட்டு கார் கொட்டகைக் கதவடியில் இருக்கிற மெழுகுவத்திகளை எத்தித் தள்ளுவது. காப்பியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு எழவு விளக்கா ஏத்துறீங்க? உங்க கை வெளங்குமா?"

சந்தே கேட்கும்படி கத்துவாள். பாவம், மகனைப் பறிகொடுத்தவள், மனசு ஒப்பவில்லை, கத்திவிட்டுப் போகட்டும் என்று அக்கம்பக்கத்தார் விட்டுவிடுவார்கள். அந்தப் பரிதாபம்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில், இருபத்துநாலாம் தெருவை ஒட்டிய அந்தச் சந்தில் கையகலம்கூட வெறும் சுவர் கிடையாது. கிளி, எலும்புக்கூடு, கன்னிமாதா, சோளக்காடு, முஷ்டி மடக்கிய கைகள் என்று எல்லாம் ஓவியம். சனிக்கிழமையானால் வழிகாட்டிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு வருவார்கள். குப்பைத் தொட்டியைக்கூடப் படம் எடுக்கிற கூட்டம் அது. அவர்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் அங்கே உண்டு. சாமியை வரையலாம், கிளியை வரையலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து ஆள் ஒருவரின் முகம் சுவரில் ஏறினால் மட்டும், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். ரொட்டிக்கடை ஒபேத் அப்படித்தான் ஏறினான். துப்பாக்கிச் சூட்டில் போன இரட்டையரும் அப்படித்தான். அந்த முகங்களின் மேல் யாரும் மறு வண்ணம் பூசத் துணிவதில்லை. தெரிந்தவர்கள் கண்ணாடிக் குவளையில் மெழுகுவத்தி வைத்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள்.

இது தெரிந்தும்தான் எர்மெலிண்டா மகன் வில்மரின் முகத்தைத் தன் கொட்டகைக் கதவில் வரையச் சொன்னாள்.

எல் சல்வதோர் நாட்டில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்தவள் அவள். கூட வந்த புருஷன் ஒரே வருஷத்தில் வேறொருத்தியோடு போய்விட்டான். போனவன் போகட்டும் என்று தலைமுழுகினாள். சலவைக்கடையில் ஊரார் துணியை மடித்து மடித்தே பையனை ஆளாக்கினாள். அவனும் நல்ல பிள்ளைதான். கிடங்கில் மூட்டை ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டதில் ஆரம்பித்தது வினை. வலிக்கென்று கொடுத்த மாத்திரையே போதையாகி அவனை விழுங்கிவிட்டது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. ஒருநாள் அவள் பொறுமை அறுந்து, "செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காதடா" என்று துரத்தினாள். பூட்டையும் மாற்றினாள். கோபத்தில் எந்தத் தாய்தான் சொல்லாத வார்த்தை? பாவி, அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். ஏழு வருஷமாக ஆளே இல்லை.

அதனால்தான் அந்த யோசனை. உலகமே வந்து பார்க்கிற சந்து இது. பெரிதாக வரைந்து வைத்தால் எவனாவது, எங்கேயாவது பார்த்தேன் என்று சொல்ல மாட்டானா?

"வேணாம் தோன்யா," என்றாள் பெர்லா, பெரியவளை மரியாதையாகக் கூப்பிடும் ஸ்பானிய வழக்கில். அந்தச் சந்தில் பாதிச் சுவர் அவள் கைவண்ணம். "உசுரோட இருக்கறவங்கள இங்க வரையறதில்ல. அபசகுனம்."

"உன் சகுனத்தக் கொண்டுபோய் அடுப்புல போடு. என் கதவு, என் புள்ள. நீ வரையறியா, இல்ல நானே கரியெடுத்துக் கிறுக்கட்டுமா?"

வரைந்தாள் பெர்லா. அச்சு அசல் வில்மர். அன்று எர்மெலிண்டா கதவைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், ஈரம் காயாத நீல வண்ணம் அவள் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. மறுநாளே முதல் மெழுகுவத்தி வந்துவிட்டது. இரண்டு வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. துப்பு மட்டும் ஒன்றும் வரவில்லை.

சந்து முனையில் தாச்சோவின் கடை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்து கடை போட்டவர். மெழுகுவத்தியும் அங்கேதான் விற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து திரும்பியவளைக் கூப்பிட்டார்.

"தோன்யா, நேத்து ஒரு கிறுக்கன் வந்தான். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. தாடியும் மீசையுமா, ஒட்டிப்போன வயிறு. உங்க கதவு முன்னாடியே ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் உள்ள வந்து, 'இது யார் வரைஞ்சு வெச்சது'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அவங்கம்மாதான் வரையச் சொன்னாங்கன்னு..."

"அப்புறம்?"

தாச்சோ தலையைச் சொறிந்தார். "பையன் போய்ச் சேந்துட்டான், பாவம்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது. கோவிச்சுக்காதீங்க. அதுக்கு அவன் சிரிச்சான் பாருங்க, எனக்குப் பயமாயிடுச்சு. ஒரு மெழுகுவத்தி வாங்கி அவனே பத்தவெச்சான். போகும்போது, 'பனி எறங்குற நாள்ல அந்தம்மா முட்டி இன்னும் வலிக்குதா'ன்னு கேட்டுட்டுப் போனான்."

எர்மெலிண்டா கடைக் கல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

"என் முட்டி வலி உனக்குத் தெரியுமா, தாச்சோ?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? அதுக்குத் தைலம் தேச்சுவிட்டவன் ஒருத்தன்தான்யா!"

தாச்சோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் அவரைத் திட்டக்கூட இல்லை. வந்து கதவடியில் பார்த்தாள். முந்தின நாள் மெழுகுவத்திகளையும் காலையில் அவளேதான் எத்தித் தள்ளியிருந்தாள். அதில் எது அவன் ஏற்றியது? உடைந்த கண்ணாடிக் குவளைகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். பெற்ற தாயே தன்னைச் செத்தவர்கள் வரிசையில் ஏற்றிவிட்டாள் என்றல்லவா அவன் நினைத்துப் போயிருப்பான்!

பெர்லா தன் பழைய வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு அலைந்தாள். பாலத்தடிக் கூடாரங்கள், இலவசச் சாப்பாட்டு வரிசை, பேருந்து நிலையம், அக்கரையில் ஓக்லண்டு என்று ஒரு வாரம் சுற்றியும் பயனில்லை. தாச்சோவும் கடையை மூடிவிட்டு இரண்டு நாள் கூடவே வந்தார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார்.

"அந்த மொகத்த அழிச்சிடலாமா தோன்யா?" என்றாள் பெர்லா, கடைசியில். "நம்ம வழக்கம் கெடக்கட்டும். நானே வெள்ளையடிக்கிறேன்."

"அழிச்சா? திரும்பி வந்தான்னா, சுவத்துலேர்ந்துகூட எடுத்துட்டாளேன்னு நெனப்பான். அவன் பக்கத்துல என்னை வரை."

"என்ன பேசறீங்க?"

"காதுல விழலயா? என்னை வரைடி. பெருசா."

"நீங்க கல்லாட்டம் இருக்கீங்க. நான் மாட்டேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் கை என்னைச் சும்மா விடாது."

எர்மெலிண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உசுரோட இருக்கறவரைக்கும் அவன் வரமாட்டான், மகளே. மூஞ்சியில முழிக்காதன்னு நான்தானே சொன்னேன், ரோஷக்காரன். ஆத்தா செத்துட்டான்னா ரோஷமெல்லாம் எங்க நிக்கும்? எனக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தவாவது வருவான்ல?"

பெர்லா அழுதுகொண்டே வரைந்தாள். நடுநடுவே சிலுவை போட்டுக்கொண்டாள். படத்தில் எர்மெலிண்டா மகனின் தோளில் கை போட்டிருக்கிறாள்.

இப்போது சனிக்கிழமைக் கூட்டம் அந்தக் கதவு முன்னால்தான் அதிகம் நிற்கிறது. யார் கேட்டாலும், அம்மாவும் போய்விட்டாள் என்றுதான் தாச்சோ சொல்ல வேண்டும். அது அவள் உத்தரவு. சொல்லும்போதெல்லாம் அவர் சிலுவை போட்டுக்கொள்கிறார். எர்மெலிண்டா பகலில் வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றக் குனிகிற ஒவ்வொருவரும் நிமிரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.