தில்லைநாதனின் மீசையும் எட்டாம் இலக்கமும்

குறிகட்டுவான் பஸ்ஸில் கண்டக்டர் தில்லைநாதனின் மீசை முதலில் ஏறும். பிறகுதான் அவர் ஏறுவார். தலையில் ஒரு மயிரும் இல்லாத மனிதருக்கு அந்த மீசைதான் சொத்து.

ஏழு வருஷமாக அவருக்குக் கணையத்தில் நோ. சாப்பிட்டால் முதுகுவரை குத்தும். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வாயால் குழாய் விட்டு, கணையத்தில் அடைத்த கல்லை எடுப்பார்கள். மற்றப் பாதிக்குக் குழாய் சும்மா போய்வரும். யாருக்கு எது என்று ஆறு மாதத்துக்குச் சொல்லமாட்டார்கள். இவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். வீட்டில் மனைவி கேதீஸ்வரியோ, நோ மாறினால் இவருடைய முடியைத் தருவதாக நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள்.

"தலையிலை என்ன கிடக்கெண்டு நேந்தனீர்?"

"ஏன், மூக்குக்குக் கீழை கிடக்குத்தானே!"

குழாய் போய்வந்த மூன்றாம் வாரம் நோ அடங்கிவிட்டது. டொக்டர் மாற்றினாரா, அம்மன் மாற்றினாளா? அந்த யோசனையே அவருக்கு இல்லை. மீசை போகப்போகிறதே!

வெள்ளிதோறும் தாதி நிமலினி போன் எடுத்து, பத்துக்கு எத்தனை நோ என்று கேட்பாள். கேதீஸ்வரி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். இவர் உளுந்து வடையைக் கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, "எட்டு, தங்கச்சி" என்று முனகுவார்.

ஏழாம் வெள்ளி நிமலினி சொன்னாள்: "இன்னும் எட்டெண்டால் திங்கள் வாங்கோ அண்ணை. திரும்பக் குழாய் விட்டுப் பாக்கவேணுமாம்."

அவர் வடையை அவசரமாக விழுங்கினார்.

"தங்கச்சி... ரெண்டு."

"என்ன ரெண்டு?"

"நோ. கனநாளா ரெண்டுதான்." மீசைக் கதையையும் சொன்னார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "உங்கட எட்டை நம்பி இந்த வைத்தியம் சரிவராதெண்டு எழுதிப்போட்டால், நோவிலை கிடக்கிற மற்றச் சனம் என்ன செய்யும், அண்ணை?" என்றாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டிலில் சுருண்டு கிடந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. தில்லைநாதன் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "வாரும். ஞாயிறு நயினாதீவுக்குப் போவம்."

திங்கட்கிழமை பஸ்ஸில், நாள்தோறும் ஏறும் நாகமுத்து ஆச்சி அவருக்குக் காசு கொடுக்க மறுத்தார். "மீசைத் தம்பி வரட்டும். நீ ஆர்?"

அடுத்த வெள்ளி போன் அடித்தது.

"இண்டைக்கு எத்தனை, அண்ணை?"

அவர் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் கேதீஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"வயித்திலை ஒண்டு, தங்கச்சி. மூக்குக்குக் கீழை ஒன்பது."