ஜன்னலோரம் பார்த்த சிவப்பு

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் செல்லத்தாய் வேதக்கோயில் பெஞ்சில் முழங்கால்களைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொள்வாள். திருவிருந்துக்கு எழுந்து போகிறவர்களுக்கு வழி வேண்டுமல்லவா? ஒவ்வொருவராக அவளை உரசிக்கொண்டு போய், பலிபீடத்தின் முன் முழங்காற்படியிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மறுபடியும் ஒதுங்குவாள். அப்போது அவர்கள் மூச்சில் அந்த வாசம் வரும். உபதேசியாரின் மனைவி திராட்சையும் சீனியும் கிராம்பும் ஜாடியில் போட்டு, துணி கட்டி ஊறவைத்துச் செய்கிற ரசம் அது. வாசம் மட்டும்தான் செல்லத்தாய்க்கு.

சாத்தான்குளத்துப் பக்கம் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அண்ணன் குடும்பத்தோடு திருப்பூர் வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். பேசச் சொன்னால் பேசமாட்டாள். ஆனால் பக்கத்து மெஷினில் ஓடுகிற கையைப் பார்த்தே தையலைக் கற்றுக்கொண்டாள். அதே கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் தங்கவேலு. அவிநாசிப் பக்கத்துக்காரன். இருவரும் பார்த்துக்கொண்டது போதுமென்று ஒருநாள் ரிஜிஸ்டர் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இரு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை.

போதகர் கோபப்படவில்லை. "கோயிலுக்கு வாம்மா, யாரும் தடுக்கல. அவர் ஞானஸ்நானம் எடுத்து, இங்க வச்சுக் கல்யாணத்த ஆசீர்வதிச்ச பெறகு திருவிருந்துக்கு வரலாம்" என்றார்.

தங்கவேலுவிடம் ஒரே ஒருமுறை கேட்டாள்.

"பாட்டுப் பாடறதுன்னா பாடறேன், முட்டி போடறதுன்னா போடறேன் புள்ள. தலையில தண்ணி ஊத்திக்கறது மட்டும் ஆவாது. எங்கம்மா தாங்காது."

அவன் அம்மா பழனாத்தாள் அதற்குள் சமாதானமாகி, மருமகளுக்கு முருங்கைக்காயும் அவரையும் கொடுத்தனுப்பத் தொடங்கியிருந்தாள். அதைக் கெடுக்க செல்லத்தாய்க்கு மனமில்லை. மறுபடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவேலு அவளை சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காம்பவுண்டுச் சுவரோரம் நின்று பேப்பர் படிப்பான்.

கோயிலில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். ஒருவர் குடித்ததும் போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து அடுத்தவர் உதட்டில் வைப்பார். புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தடுத்து முழங்காற்படியிட்டிருந்தால் செல்லத்தாய் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ரசத்துக்கு மட்டும் ஏங்கவில்லை. தான் குடித்த பாத்திரம் அடுத்ததாகத் தங்கவேலுவிடம் போக வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்று நான்காம் வருஷத் தை மாதத்தில் ஹாலந்திலிருந்து ஹில்டா என்ற, சரக்கு வாங்கும் பையர் அம்மாள் வந்தாள். குழந்தைகளுக்கான சட்டை ஆர்டர். கழுத்துப் பட்டி எந்தக் கம்பெனியிலும் அவளுக்குப் பிடித்தபடி படியவில்லை. செல்லத்தாய் தைத்த சாம்பிளைத்தான் இழுத்துப் பார்த்து, விட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். கோயமுத்தூரில் விமானம் ஏறுமுன் பெரிய ஓட்டலில் மதியச் சாப்பாடு. இதைத் தைத்தவளும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

முதலாளி மயில்சாமிக்கு வேறு வழியில்லை. "அம்மிணி, நீயும் கெளம்போணும். தனியா வரக் கூச்சமா இருந்தா உங்கூட்டுக்காரனையும் கூட்டிக்க. அந்தம்மா ஒரே புடியா நிக்குது."

ஓட்டலில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. தங்கவேலுவின் பக்கத்தில் செல்லத்தாய், எதிரே ஹில்டாவும் முதலாளியும். சர்வர் தோல் அட்டை போட்ட நீளப் புத்தகம் ஒன்றை மயில்சாமியிடம் நீட்டினார். ஒயின் பட்டியல்.

"நான் பழனிக்கு மாலை போட்டிருக்கறனுங்க. போடாட்டியும் எனக்குப் பிராந்திதான் தெரியும். நூல்ல என்ன கவுண்ட்டுன்னு கேட்டா சொல்லுவேன், இதுல எனக்கென்னங்க தெரியும்?" என்று அதை ஹில்டாவிடம் தள்ளினார்.

ஹில்டா சிரித்துக்கொண்டே அதைச் செல்லத்தாயின் முன்னால் வைத்து ஏதோ சொன்னாள்.

"இன்னிக்கு நீதான் எடுக்கோணுமாம்" என்றார் முதலாளி.

செல்லத்தாய் புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துகள் பின்னிப் பின்னிக் கிடந்தன. ஆனால் தலைப்புகளில் மூன்று சொற்கள் அவளுக்குத் தெரிந்தவை. ரெட், ஒயிட், ரோஸ். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோலின் அட்டையில் தினமும் பார்க்கிறவைதாம். வெள்ளையில்கூட ஒயின் உண்டா என்று அதிசயமாக இருந்தது. ரெட் என்பதில் விரலை வைத்தாள். அதன் கீழே இருந்த பெயர்களில் ஒன்றையும் கூட்டிப் படிக்க முடியவில்லை.

"இதுல இனிப்பா உள்ளது எதுய்யா?" என்று சர்வரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ரெட் எல்லாமே டிரைதாங்க மேடம்."

"டிரைன்னா காஞ்சதுங்களா?" என்றார் மயில்சாமி. "பாட்டல்ல தண்ணியா நிக்குது, அதெப்படிங்க காஞ்சதாகும்? எங்க சாயப்பட்டறைக்காரன்தான் ஈரத் துணியக் குடுத்துப்போட்டுக் காஞ்சதும்பான்!"

டிரை என்றால் இனிப்பில்லாதது என்று சர்வர் விளக்கினார். தங்கவேலு சிரிப்பை அடக்கிக்கொண்டான். செல்லத்தாய் சிரிக்கவில்லை. பெயர் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியுமே என்று அவளுக்குத் தோன்றியது.

"கொஞ்சம் ஊத்திக் காட்ட முடியுமாய்யா? கலரப் பாத்துச் சொல்லுதேன்."

சர்வர் ஏற்கெனவே திறந்திருந்த மூன்று பாட்டில்களிலிருந்து மூன்று கிளாஸ்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுவந்தார். செல்லத்தாய் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். துணியின் நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது கம்பெனிப் பழக்கம். திரைச்சீலையை விலக்கிப் பிடித்தாள். ஒன்று செங்கல் நிறமாக இருந்தது. ஒன்று நாவற்பழம்போல் கறுத்திருந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் கை நின்றது. பாத்திரத்தைப் போதகர் சாய்க்கும்போது விளிம்பில் தேங்குமே, அதே சிவப்பு. கடைசியாக அதைக் குடித்தபோது அவளுக்குக் கல்யாணமாகவில்லை.

"இதுதான்" என்றாள்.

மயில்சாமிக்கு மோர் வந்தது. மற்ற மூவருக்கும் அந்தச் சிவப்பை ஊற்றினார்கள். ஹில்டா கிளாஸை உயர்த்திக் காத்திருந்தாள். செல்லத்தாய் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் கிளாஸைப் பிடித்து, கண்ணை மூடி, ஒரு மிடறு குடித்தாள். முந்தானை நுனியால் விளிம்பைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த தங்கவேலுவிடம் நீட்டினாள்.

"அவனுக்குத்தான் தனியா ஊத்தி வெச்சிருக்குதே அம்மிணி" என்றார் மயில்சாமி.

அப்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்று செல்லத்தாய்க்கு உறைத்தது. முகம் சுட்டது. கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் கை வரவில்லை.

தங்கவேலு அவளுடைய முக்காட்டைப் பார்த்தான். காம்பவுண்டுச் சுவரோரம் நின்று பேப்பர் படிக்கிறவனுக்குக் கோயில் ஜன்னல் வழியே உள்ளே நடப்பது தெரியாமலா இருக்கும்? தன் கிளாஸை ஓரமாகத் தள்ளிவைத்தான். அவள் நீட்டியதை அவளைப்போலவே இரண்டு கைகளாலும் வாங்கி ஒரு மிடறு குடித்தான். முகம் சுளித்துவிடாமல் விழுங்கினான். அவனும் விளிம்பைத் துண்டால் துடைத்தான். அடுத்து யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அதை அவளிடமே திருப்பித் தந்தான்.

ஹில்டா தன் கிளாஸை ஓசையில்லாமல் கீழே வைத்தாள். மயில்சாமி மோரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் திருப்பூர் பஸ் சூலூரைத் தாண்டியது.

"கோயல்ல குடுக்கறது இதேதானா?" என்று தங்கவேலு கேட்டான்.

"இல்ல. கலர் அதேதான். ஆனா அது இனிப்பா இருக்கும். இது புளிக்கி."

"அப்ப இது அது ஆவாதா?"

"ஆகாதுங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அம்மா இருக்கற வரைக்கும் ஆவாது புள்ள" என்றான். அதட்டலாக இல்லை, அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. அவள் தலையசைத்தாள். நாக்கில் அந்தப் புளிப்பு இன்னும் ஒட்டியிருந்தது. சீக்கிரம் போய்விடக் கூடாதென்று எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறன்று தங்கவேலு சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பேப்பரைக் கேரியரிலேயே விட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது செல்லத்தாய் முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்துத் தங்கவேலுவும் தன் முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டான்.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். கிராம்பும் திராட்சையும் கலந்த அந்த வாசம் வந்தது. தங்கவேலு மூச்சை இழுத்தான்.

"இதுதானா புள்ள?" என்று அவள் காதோரம் கேட்டான்.

"ஆமா" என்றாள் செல்லத்தாய்.