வார்த்தை இல்லாத ஆல்பம்

என் அண்ணனுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, பல் அடுக்கி, தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பார். அவர் செய்த பற்களை வைத்துக்கொண்டு சிரிக்கிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் இந்த ஊரில் நிறைய உண்டு. ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டித் தருகிற மனிதர் தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். சின்ன வயதிலேயே அப்படித்தான். பசித்தால் சமையலறை வாசலில் வந்து நிற்பாரே தவிர, சோறு என்று கேட்க மாட்டார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அப்போதே எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவருடைய மகள் இரண்டு வயதுகூட நிறையாமல் காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அழவும் இல்லை, பேசவும் இல்லை. வேலை முடிந்து வந்ததும் பின்னறையில் கிதாரோடு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். அண்ணி வெளியே நின்று, "அவளப் பத்தி ஒரு வார்த்த பேசுங்களேன். நான் மட்டுந்தான் பெத்தேனா?" என்று கெஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்வார். அவ்வளவுதான். வருஷம் திரும்புவதற்குள் அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆல்பம் வந்தது. கூட வாசித்தவர்கள் இரண்டு பேர்: டிரம்ஸுக்கு ஒரு பஸ் டிரைவர், பேஸ் கிதாருக்கு ஒரு கணக்கு வாத்தியார். போஸ்ட்-ராக் என்று இந்த வகைக்குப் பெயராம். பாடுகிறவர் யாரும் கிடையாது. அடுப்பில் வைத்த பாலுக்குக் காவல் நிற்பது போல நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒன்றும் நடக்காது. கொஞ்சம் அசந்தோமோ, பொங்கி மேலெல்லாம் கொட்டிவிடும். ஆல்பத்துக்கு மகளின் செல்லப் பெயரையே வைத்தார். அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர், வெளியே யாருக்கும் தெரியாது. இணையத்தில் ஏற்றிய அன்று என்னிடம் வந்து, "அவ கேப்பாளா?" என்றார். பெண்டாட்டி திரும்பி வருவாளா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

விமர்சனங்களைப் படித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. மருந்துக் கடையில் என் வேலை முடிந்ததும் நேரே அவர் லேபுக்குப் போய், மெழுகு வாசனைக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பேன். ஒருத்தர் பத்துக்கு நாலு கொடுத்திருந்தார். பாதி நேரம் காத்திருப்பு, மீதி நேரம் இரைச்சல் என்று எழுதியிருந்தார். நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இன்னொருத்தருக்குப் பனிமலை தெரிந்ததாம். அண்ணன் பார்த்த பனியெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் உறைந்ததுதான். பெரிய பத்திரிகை ஒன்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது: "வார்த்தைகளே தேவையில்லை என்று காட்டிவிட்ட இசை." அண்ணன் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

கேட்டவர்களும் எழுதினார்கள். எடை தூக்கும்போது கேட்கத் தோதாக இருக்கிறதாம். பரீட்சைக்குப் படிக்க உதவுகிறதாம். ஒரு பெண், "மூணாவது ட்ராக்கைப் போட்டாத்தான் என் பாப்பா தூங்குறா" என்று எழுதியிருந்தாள். படித்துக்கொண்டே போன வேகத்தில் அதையும் படித்துவிட்டேன். அண்ணன் கையிலிருந்த பல்செட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அவகிட்டேருந்து ஏதாவது?" என்றார்.

"இன்னும் இல்லண்ணா."

ஒருநாள் அண்ணியே மருந்துக் கடைக்கு வந்தாள். தலைவலி மாத்திரை கேட்டாள். அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்துவிட்டு, எதையும் கேட்டுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளாகவே சொன்னாள்.

"கேட்டேம்மா. ஒரு தடவ இல்ல, பல தடவ."

"எப்படி அண்ணி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க? நான் அதுக்காகக் கேக்கல. எங்கயாவது ஒரு எடத்துல வாயத் தொறந்து அவ பேரச் சொல்லிடுவாருன்னு கடைசி வரைக்கும் காத்துட்டிருந்தேன். பாட வேணாம். சும்மா சொன்னாப் போதும்."

"அது பூரா அவளப் பத்தித்தானே அண்ணி? பேரே அவ பேருதானே?"

"எழுதி வச்சிருக்காரு. சொல்லலையே! கதவுக்கு வெளிய நின்னு தெனம் கேட்ட அதே கிதாருதாம்மா. அதக் கேட்டா எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வருது."

அவளுக்குப் பின்னால் நின்றவர் இருமல் மருந்துக்குச் சீட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து எழுத்தே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "அண்ணா, பெரிசா ஒண்ணும் வேணாம். போன் பண்ணி பாப்பா பேரச் சொல்லு. அதுக்கப்புறம் அண்ணி பாத்துக்குவாங்க. இதுகூடவா முடியாது?" அவர் தலையாட்டினார். போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"சொல்லிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

அப்போதுதான் வாசித்துப் பதிவு செய்த ஒரு ட்யூன். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைப் பிடுங்கி உடைத்திருப்பேன். ஆனால் மனசிலிருந்ததை எல்லாம் கொட்டிவிட்ட ஆள் மாதிரி நின்றார். திட்ட வாய் வரவில்லை. "கேளு" என்று போனை நீட்டினார். கேட்டேன். பாப்பா போன அன்றுகூட எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கிதார் மாதிரி அழுததில்லை.

மறுநாள் அண்ணி எனக்குப் போன் செய்தாள்.

"ஏதோ அனுப்பியிருக்காரு. நான் இன்னும் தொறக்கல. நீ கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி."

"அதுல பேசறாரா?"

ஆமாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் திறந்திருப்பாள். திறந்து, கடைசி வரைக்கும் காத்திருந்திருப்பாள். இன்னொரு தடவை அவளை அப்படி நிற்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல அண்ணி."

"சரிம்மா," என்றாள். "அப்ப அழிச்சிடறேன்."