வெண்டலின் சாமான் அறை

வெண்டல் டாலிவரை அதிபர் மாளிகை வேலைக்கு எடுத்தவர்கள் ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். ஏணியில் ஏறச் சொன்னார்கள், பூட்டைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், அனகோஸ்டியா பேட்டையில் அவன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அதன்பிறகு இருபத்தேழு வருடம், ஐந்து அதிபர்களின் நாற்காலிக் கால்களை அவன்தான் சரிசெய்தான்.

ஆலோசகர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அமைச்சராக வேண்டுமென்றால் செனட் சபை கூப்பிட்டு உட்காரவைத்துக் குடையும். ஆலோசகராவதற்கு அதிபர் தலையை ஆட்டினால் போதும். பிரஸ்டன் ஹாட்லி அப்படி வந்தவன். பிரசாரம் முழுக்க அதிபருக்குத் தொண்டை மிட்டாய் எடுத்துக் கொடுத்தான்; ஜெயித்ததும் விவசாய ஆலோசகனாகிவிட்டான். மாட்டைத் தட்டில்தான் பார்த்திருப்பான்! பட்டம் ‘சிறப்பு உதவியாளர்’. எங்கள் இடத்தில் சிறப்பு என்றால் கடைசி வரிசை. அதற்கு மேலே துணை உதவியாளர், எல்லாருக்கும் மேலே வெறும் உதவியாளர். நான் கீழே பணியாளர் உணவறையில் சமையல்காரி. யார் உட்கார்ந்து சாப்பிடலாம், யாருக்குப் பொட்டலம் மட்டும் என்று பட்டியல் பார்த்துத்தான் சூப் ஊற்றுவேன். பிரஸ்டன் பொட்டலக்காரன்.

மாளிகையை ஒட்டிய சந்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் அவனுக்கு அருமையான அறை கொடுத்தார்கள். கணப்பு, இரண்டு ஜன்னல், பால்கனி. துரைக்குப் பிடிக்கவில்லை. அவன் கண் வெண்டலின் சாமான் அறை மேல் விழுந்தது. ஜன்னல் கிடையாது, சுவரோரம் வெந்நீர்க் குழாய். ஆனால் அதிபரின் கதவிலிருந்து பத்தொன்பதே அடி. அவன் நடந்து எண்ணியதை நானே பார்த்தேன்.

“இங்க ஒரு மேஜை போடலாமா?” என்று கேட்டான்.

“தாராளமா போடலாம் சார். நீங்க மட்டும் வெளியில நிக்கணும்,” என்றான் வெண்டல்.

மறுநாளே அறையைக் காலிசெய்ய உத்தரவு வந்துவிட்டது. ஏணி, பல்பு, துடைப்பம் எல்லாம் அந்தப் பக்கக் கட்டடத்தின் நாலாவது மாடிக்குப் போயின. வெண்டலுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. சாமான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்டிலோ எப்போதும் கோப்பும் கையுமாக ஆலோசகர்கள். படியேறிப் படியேறி, ஒரு மாதத்தில் அவன் நொண்ட ஆரம்பித்தான். 

“போய்ச் சண்டை போடேன்யா. வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றேன்.

“கார்லாகிட்ட பேசிட்டேன் எர்லீன். ரூம் ஒதுக்கறது அவங்கதானே. ‘இவனுங்க எவனும் ஒரு வருஷம் தாங்கமாட்டான், காலியானா உங்களுக்கே தந்துடறேன்’னு சொல்லிட்டாங்க.”

“அதுவரைக்கும் உன் முட்டி தாங்குமா?”

“தாங்க வெச்சுக்கணும். வேற வழி?”

ஒன்பது மாதம் தாங்கவைத்தான். அதிபர் தினமும் அந்தக் கதவைக் கடந்து போனார். ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே பிரஸ்டன் சட்டையெல்லாம் வியர்வையாக உட்கார்ந்திருந்தான். கதவை மட்டும் சாத்தமாட்டான், அவர் கண்ணில் பட வேண்டுமே! கடைசியில் அவனை நீக்கிய செய்தியை என் வரிசையில் பொட்டலத்துக்கு நிற்கும்போது தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். பாவம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே வெண்டலைக் கைத்தாங்கலாகக் கார்லாவிடம் கூட்டிப்போனேன். அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க வெண்டல். அது இப்ப ஆலோசகர் ரூம். கட்டட வரைபடத்துல அப்படியே ஏறிடுச்சு. ஏழு பேர் கேட்டு எழுதியிருக்காங்க. அந்தத் தகுதிக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமே இல்ல.”

“இருபத்தேழு வருஷம் துடைப்பம் வெச்ச ரூம்மா அது.”

“இருக்கலாம். ஆங், அங்க பல்பு போயிடுச்சாம். மத்தியானம் புது ஆள் வந்துடுவார், அதுக்குள்ள மாட்டிடறீங்களா?”

வெண்டல் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அவள் மேஜையில் வைத்தான்.

“ஏணி நாலாவது மாடில இருக்கு,” என்றான். “அந்த ஏழு பேர்ல ஒருத்தரைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க.”