ஆறு மார்க் வாங்கிய எஞ்சினியர்

அறிவியல் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அவர் ‘அருமை சார்’தான். பல்லியை வரைந்து முதலை என்று காட்டினாலும் அருமை. உப்புப் போட மறந்த சாப்பாடும் அருமை. “வேற வார்த்தையே வராதா உங்க வாயில?” என்று மனைவி கேட்டதற்கும், “அருமையான கேள்வி” என்றார். மனுஷன் நல்லவர்; ஆனால் அந்த நல்ல குணத்தில் பாதி பயம். யார் முகமும் சுருங்குவதை அவரால் பார்க்க முடியாது. தனக்கு ஒன்று புரியவில்லை என்று வெளியே தெரிவதும் ஆகாது. இரண்டுக்கும் ஒரே மருந்து அந்தச் சொல்.

இப்படிப்பட்டவர் நோட்டு திருத்தினால் எப்படி இருக்கும்? அதனால் ஒரு தந்திரம் செய்தார். எட்டாம் வகுப்புக்காக இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் திறந்தார். யாரும் எங்கிருந்தும் அதில் எழுதலாம். அடுத்தவர் எழுதியதன் ஓரத்தில் குறிப்பும் போடலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி மார்க் போட வேண்டும் என்று சட்டம். தன் பாவத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டினார் என்பதுதான் உண்மை. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். மற்ற ஆசிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் ஓரத்தில் வட்டியும் முதலுமாக இறக்கி வைத்தார்கள்.

எழுத்தில் புலிகளான அதே பிள்ளைகள் பேச்சில் பூனைகள். வெளியாட்களை வீடியோவில் வரவழைத்து வகுப்போடு பேச வைப்பது சாரின் கனவு. தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்து பெரிய திரையும் நெட் இணைப்பும் வாங்கியிருந்தார். முதலில் வந்தது வானிலை அலுவலகத்து அம்மா. “கேள்வி ஏதாவது இருக்கா?” என்றார். வகுப்பு கல்லாய்ச் சமைந்தது. நெட்தான் நின்றுவிட்டது என்று நினைத்து அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த கால்நடை மருத்துவருக்கும் அதே கதி.

“செவுத்தோட பேச எதுக்கு சார் இவ்வளவு பெரிய திரை?” என்றார் தலைமையாசிரியை. “இன்னும் ஒரு தடவை நானே வந்து உக்காந்து பாக்கறேன். பசங்க வாய் தொறக்கலைன்னா இது என் ஆபீஸுக்கு வந்துடும்.”

கடைசி வாய்ப்புக்கு ஆள் எஞ்சினியர். பள்ளிக்கு முன்னால் சாலையின் மேலே நடைபாலம் கட்டப் போகிறவர். யார் யார் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஒரு வாரம் வாசலில் நின்று பார்த்துப் பொதுப் பக்கத்தில் எழுதினார்கள். அவரும் மதித்து, தன் பாலத்தைப் பற்றி நீளமாக எழுதி அங்கேயே போட்டார். சார் படித்தார். மூன்றாவது வரியில் வழி தவறினார். திரும்பி வர வழி தெரியாமல், அடியில் “மிக அருமை! தெள்ளத் தெளிவு!” என்று எழுதிவிட்டு எழுந்து போனார்.

அது விருந்தாளி எழுதியது, அதற்கு மார்க் போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் பார்த்தால் ஓரமெல்லாம் சிவப்பு. ‘இந்த வாக்கியத்தில் எங்கே மூச்சு விடுவது?’ ‘பாலம் எங்கே வரும் என்று கடைசிவரை சொல்லவில்லை.’ ‘எழுதியவர் ஒரு முறையாவது படித்துப் பார்த்தாரா?’ எல்லாவற்றுக்கும் கீழே தீர்ப்பு: ‘பத்துக்கு ஆறு. திருத்தி எழுதவும். பெற்றோர் கையெழுத்து தேவை.’

 அழித்துவிடலாம் என்று சார் ஓடினால், எஞ்சினியர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று பக்கமே காட்டிக்கொடுத்தது. மன்னிப்புக் கேட்டு மேலும் மேலும் செய்தி அனுப்பினார். பதிலே இல்லை.

“வரமாட்டார்னு நினைக்கிறேன்” என்றார் மனைவியிடம்.

“எப்படி வருவாரு? ரோஷம் இருக்காதா?” என்றாள் அவள். ஆறுதல் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான்.

ஆனால் எஞ்சினியர் வந்தார். திரை முழுக்க அவர் முகம். அதில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாரு எனக்கு ஆறு மார்க் போட்டது?”

எல்லாத் தலையும் குனிந்தது. தலைமையாசிரியை கண்ணாலேயே திரையின் நீள அகலத்தை அளந்தார்.

எஞ்சினியர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். “பெற்றோர் கையெழுத்து கேட்டிருந்தீங்க. வாங்கிட்டேன். இந்த வயசுல என்னடா தப்பு பண்ணினேன்னு எங்கம்மா கேக்கறாங்க.”

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்களே தவிர யாரும் பேசவில்லை.

“நிஜமாவே புரியலையா, இல்ல விளையாட்டா?” என்றார் அவர். “உங்க சார் தெள்ளத் தெளிவுன்னு எழுதியிருக்காரே. சார், நீங்களே சொல்லுங்க. உங்களுக்குப் புரிஞ்சுதுதானே?”

வகுப்பு மொத்தமும் சார் பக்கம் திரும்பியது. புரிந்தது என்றால் பிள்ளைகள் வாய்க்கொழுப்புப் பிடித்தவர்கள். புரியவில்லை என்றால் தலைமையாசிரியை முன்னால் அவர் பொய்யர். அந்தப் பழைய சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் முதல் பெஞ்சைப் பார்த்தார். மார்க் போட்டவள் அங்கே இருந்தாள். குனிந்திருந்த அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது.

“இல்லீங்க” என்றார் சார். “எனக்குப் புரியல. மூணாவது வரியிலயே விட்டுட்டேன். புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் அப்படி எழுதினேன். பசங்க சொன்னதுதான் சரி.”

காது மடல் சுட்டது. வாழ்நாளில் அவ்வளவு வெட்கமும் அவ்வளவு நிம்மதியும் ஒன்றாக அவருக்கு வந்ததில்லை.

எஞ்சினியர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பாடா! எங்க ஆபீஸ்லயும் எதை எழுதினாலும் பிரமாதம்னுதான் சொல்றாங்க. ஒருத்தரும் படிக்கிறதில்ல போலிருக்கு.”

முதல் பெஞ்சுக்காரி நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். “சார், நாங்க எல்லாரும் பஸ் ஸ்டாப்கிட்டதான் ரோட்டைத் தாண்டறோம். பாலம் அங்கதானே வரணும்?”

“அங்க அடியில பெரிய தண்ணிக் குழாய் போகுதும்மா.”

“அதை ஏன் எழுதல?”

“எழுதியிருக்கேனே! ‘நிலத்தடிப் பயன்பாட்டுக் கட்டமைப்பு’ன்னு.”

“அதுவா குழாய்?” என்று வகுப்பே கத்தியது. அவ்வளவுதான், மதகு திறந்துகொண்டது. குழாயை நகர்த்த முடியாதா, பாலம் ஆடுமா, சக்கர நாற்காலி ஏறுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எஞ்சினியர் பேனாவைத் தேடி எடுத்துக் குறித்துக்கொண்டே பதில் சொன்னார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “நீங்க எழுதின அந்த ‘சுமைப் பங்கீடு’ன்னா என்ன? எனக்கும் அது புரியல.” சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. தலைமையாசிரியை எழுந்து நின்று மறுபடியும் கேட்டார்.

முதல் பெஞ்சுக்காரி திரும்பினாள். “டீச்சர், கை தூக்கிட்டு உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி அஞ்சு பேர் இருக்காங்க.”

சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார், ஒரு கையைத் தூக்கியபடி.